கழுதைக்குப் பின்னால் ஏறிய குதிரை

1934 ஆவணி, வியாழன் இரவு.

துரைக்குக் கொழும்புக்கு மாற்றம். அவருடைய குதிரையும் ரெயிலில் போகவேண்டும். அதைப் பெட்டியில் ஏறப் பழக்குவது, குதிரை பார்க்கும் என் கணவரின் வேலை. ஒரு கிழமையாக அது பலகையில் கால் வைக்கவே மறுத்தது. இன்று ஸ்டேஷனில் ஒரு தெருக்கழுதைக்குப் புல்லைக் காட்டி முதலில் ஏற்றினார். குதிரையும் பின்னாலேயே ஏறி, கழுதையை உரசிக்கொண்டு அமைதியாக நின்றது.

"நாளைக்கும் இப்பிடித்தான். கதவு பூட்டேக்க கழுதையை மட்டும் இறக்கிப்போடுவன்," என்றார். பெரிய கெட்டித்தனம் என்ற நினைப்பு.

"பிறகு அது தேடாதோ?"

"ரெயில் வெளிக்கிட்டாப் பிறகு தேடி என்ன செய்யிறது?"

எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலியாணம் முடிந்து, பிறந்த ஊரான நானாட்டானை விட்டு வரமாட்டேன் என்று நான் அழுதபோது, அம்மாதான் மாட்டுவண்டியில் முதலில் ஏறினாள். "நானும் வாறன், ஏறு பிள்ளை" என்றாள். அன்றிரவு அவள் கையைப் பிடித்துக்கொண்டே இந்த வீட்டில் நித்திரையானேன். விடிய எழும்பியபோது பாயில் அவள் இல்லை.

நான் எழும்புவதற்கு முன்னம் வண்டி கட்டி அவளைக் கொண்டுபோய் விட்டவரும் இவர்தான்.