புதுநூலின் தலையில் பழைய அடைவு கட்டியது குறித்து

மும்மலையும் இரு பேராறும் ஒரு குடைக்கீழ் ஆளும் ஆம்பல்நாட்டரசர் விறல்வேள் பெருமானார் திருவுளப்படி, தலைமை அமைச்சர் நன்னாகன் எழுதும் ஓலை. வடபொழில் நகரத்து எழுத்துமண்டப நாயகம் சாத்தன் கண்ணந்தை காண்க. நும் நகரம் மழையும் விளைவும் பெறுக. நும் மண்டபம் இனியேனும் கவனம் பெறுக.

நீதிநூலை ஒடுங்கிய ஏட்டிலிருந்து அகன்ற ஏட்டுக்கு மாற்றி எழுதுமாறு சென்ற தையில் ஆணை தந்தோம். ஏட்டுக்கு ஐந்து வரி எட்டு வரியானது. இருநூற்றுப்பத்து ஏடுகள் நூற்று முப்பத்திரண்டாயின. எழுத்து முத்துப்போல் அமைந்ததென நீரே நும்மைப் பாராட்டி எழுதியதையும் படித்தோம். ஆனால் எப்பொருள் எத்தனையாம் ஏட்டில் உள்ளதெனக் காட்டும் பொருளடைவைப் பழைய எண்களோடு அப்படியே பெயர்த்து முகப்பில் கட்டிவிட்டீர். நூற்று முப்பத்திரண்டோடு முடியும் நூலில் இருநூறாம் ஏட்டைப் பார்க்கச் சொல்லும் அடைவு, நும் கண்ணில் உறுத்தவே இல்லை.

அதன் பயன் கேளும். கழிமுகத்துறை ஓடக்காரன் ஓரி, வெள்ளத்தில் ஓடம் செலுத்தலாகாது என்ற தடையை மீறி, பேறுகால வலியில் துடித்த ஒருத்தியை அக்கரை மருத்துவச்சியிடம் சேர்த்தான். தாயும் சேயும் பிழைத்தனர். ஓரியை மன்றில் நிறுத்தினர். வெள்ளத்தடைக்கு எண்பத்தெட்டாம் ஏடு என்றது நும் அடைவு. அவ்வேட்டில் இப்போது இருப்பதோ, பகைவருக்குக் கோட்டைக் கதவு திறந்தவனுக்குரிய தண்டம். புதுநூலில் சட்டமே மாறிற்றென நம்பிய நடுவர், அதை உரக்கப் படித்து ஓரியை நாடு கடத்தினார். அந்த அறிவாளிக்குத் தனி ஓலை செல்கிறது.

ஓரியின் மனைவி வெள்ளைச்சி ஆறு நாள் நடந்து அவைக்கு வந்தாள். அவள் சொன்னதை அவள் வாய்மொழியிலேயே எழுதுகிறோம்: “கோட்டைக் கதவத் தொறந்துட்டாராம், சாமி. எங்கூருல கோட்டையே இல்லீங்களே!” அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அரசர் தலை குனிந்தார்.

பழைய நூலை எடுப்பித்துப் பார்த்தோம். உயிர் காக்க வெள்ளத்தில் ஓடம் செலுத்தியவன் குற்றமற்றவன், ஊரார் அவனை வணங்கக் கடவர் என்றிருந்தது. நும் நூலிலும் அது ஐம்பத்தைந்தாம் ஏட்டில் முத்துமுத்தாகவே இருக்கிறது.

விளக்கம் கேட்டோம். அடைவை ஓரெழுத்தும் பிசகாமல் பெயர்த்ததாக விடை எழுதினீர். கிளியும் அவ்வளவு செய்யும். அதற்கு நாயகப் பட்டமும் பல்லக்கும் வேண்டா.

ஆகவே ஆணை. ஓரியை அழைத்துவரக் குதிரைவீரர் சென்றுவிட்டனர். ஒவ்வொரு பொருளும் புதுநூலில் எங்கே தொடங்குகிறதென ஏடு ஏடாகப் புரட்டி, நும் கையாலேயே புதிய அடைவு எழுதும். பிறகு கழிமுகத்துறைக்கு நடந்தே செல்லும். ஊரார் முன்னிலையில் ஓரிக்கு எதிரே நின்று ஐம்பத்தைந்தாம் ஏட்டைப் படித்து, அது விதித்தபடி முதல் ஆளாக நீர் வணங்கும்.

அரசர் திருவாய்மொழிப்படி அரக்கிட்டு ஆம்பல் இலச்சினை பொறித்தோம். இதற்கு விடையோலை வேண்டா; புறப்படும்.