போனை எடுத்தது சுனில் இல்லை

அன்பு மகன் கவியரசனுக்கு அப்பா தனக்கோடி சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இதை டைப் அடிக்கிற பக்கத்து வீட்டு வீணா தேதி கேட்கிறாள். என் கணக்கில் இது கன்னட நடிகரைக் காட்டுக்குள் தூக்கிப்போனதற்கு இரண்டு வருஷம் கழித்து, காவேரிக்காக மறுபடி தமிழ்நாட்டு பஸ் நின்ற வருஷம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் இவளை டைப் அடித்து மெயிலில் அனுப்பச் சொன்னேன்.

அங்கிருந்து எங்களைப் பார்க்க நீ ஹாலில் வைத்துப்போன கேமராவில் எங்கள் முகம் தெரியவில்லை என்று பயந்திருக்கிறாய், ஊர் இருக்கிற நிலையில் யாருக்கும் பயம் வரும்தான். அதற்காக கேபிள் சுனில் வீட்டுக்குப் போன் போட்டு, "தண்ணிதான் குடுக்கல, தமிழன் வீட்டு லைனையும் புடுங்கிட்டியா" என்று கேட்பதா. தமிழ்ச் சேனலை அவன் நிறுத்தியது நிஜம், நிறுத்தாவிட்டால் அவன் கடை மேல் கல் விழும். இன்டர்நெட் வேறு விஷயம். மோடத்தில் விளக்கெல்லாம் எரிகிறது, இந்த மெயிலும் அதில்தான் வருகிறது. வெளியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வருகிற போர்ட் என்கிற வழியைத்தான் வைரஸ் தொல்லையென்று இன்டர்நெட் கம்பெனிக்காரன் எல்லா வீட்டுக்கும் மூடிவிட்டானாம். அல்சூர் ஜெயலக்ஷ்மி டீச்சர் மைசூர்க்காரர், கன்னடம்தான் பேசுகிறவர், அவர் மகள் லண்டனிலிருந்து பார்த்த கேமரா படமும் அதே நாளில் நின்றிருக்கிறது, நானே போய்க் கேட்டுவந்தேன்.

நேற்று சுனில் வாசலோடு நின்றுகொண்டு, "மாமா, போனை எடுத்தது நானில்ல, எங்கம்மா. யாருன்னு கேக்காமலே கவி கத்திட்டான். நம்ம கவி குரல்தாண்டான்னு எங்கிட்ட சொல்லிட்டு அம்மா போனை வெச்சுட்டாங்க" என்றான். தினமும் நம் வீட்டைத் தாண்டிக் கோயிலுக்குப் போகிற அவன் அம்மா இப்போது அந்தப் பக்கத் தெரு வழியாகப் போகிறாள். நாளைக்கு பந்த். உன் அம்மா இப்போதே ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

தொண்ணூற்றொன்று காவேரிக் கலவரத்தில் மண்ணெண்ணெய் டின்னோடு ஆட்கள் சந்துக்குள் வந்தபோது நீ கட்டிலுக்கடியில் இருந்தாய், நான் கதவிடுக்கில் பார்த்தேன். எதிர்வீட்டு பெர்னார்டும் சுனிலின் அப்பா அம்மாவும் நம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டே, இது எங்கள் வீடு, போய்க்கொண்டே இருங்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். இதைப் படித்ததும் போன் போடு, எனக்கு வேண்டாம், அந்த வீட்டுக்குப் போடு. பெர்னார்ட் போய்விட்டார், சுனிலின் அப்பாவும் போய்விட்டார். அன்றைக்கு வாசலில் உட்கார்ந்தவர்களில் உயிரோடு இருப்பது லட்சுமம்மா ஒருத்திதான்.

அப்பா,
தனக்கோடி,
ஜோகுபாளையம்