கூண்டு ட்ரேல விரிச்ச கவுன்

சோம்பேறின்னு சொன்ன பாரு, மொதல்ல அந்த வார்த்தைய வாபஸ் வாங்கு நிகத்து. வீடியோல குருவிக் கூண்டோட ட்ரே பாதி காலியா தெரிஞ்சுதாம், எச்சம் தகரத்துல காஞ்சு கெடந்துதாம், அத்தாவுக்கு ஒரு பேப்பர முழுசா விரிக்கத் துப்பில்லன்னு மாப்பிள்ளை அக்தர் காதுபட ஏசிட்டு போன வச்சிட்ட. நாப்பது வருஷம் பஞ்சர் கடைல ட்யூப் கழட்டி மாட்டினவனுக்கு ஒரு ட்ரேய மூடத் தெரியாதா. சண்டை ஜோர்ல சலாம் சொல்ல விட்டுப்போச்சு. அஸ்ஸலாமு அலைக்கும். இரும்புலியூர்ல நான், அம்மா, பல்லாவரம் சந்தைல நீ வாங்கிக் குடுத்த ஃபின்ச் குருவி ஜோடி, நாலு பேரும் நல்லா இருக்கோம். ஷார்ஜா வெயில்ல நீங்க ரெண்டு பேரும் கருகாம இருப்பீங்கன்னு நம்புறேன். போன்ல பேசினா அம்மா காதுல விழும், அதான் லெட்டரு. எழுத்துல தப்பு இருந்தா என்னை அஞ்சாவதோட அனுப்பிச்ச வாத்தியார திட்டிக்கோ.

நீ சொன்னதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன்மா. மரத்தூள் கொட்டினேன், ஆண் குருவி றெக்கைய ஒரு ஆட்டு ஆட்டுச்சு, அது தும்ம நான் தும்ம வீடே ஆஸ்பத்திரி ஆயிடுச்சு. பழைய துணி போட்டா நூல்ல நகம் மாட்டிக்குது, அந்தக் காலு தீக்குச்சி தடிமன்கூட இல்ல. மணல் கொண்டாந்து வாசல்ல வச்சேன், தெருப்பூனை தனக்குன்னு நெனச்சு காரியத்த முடிச்சிட்டுப் போயிடுச்சு. கடைசில நியூஸ் பேப்பர்தான் லாயக்கு, ஈரத்த இழுக்கும், காலைல சுருட்டி எறிஞ்சிடலாம்.

ஆனா மேட்டர் இன்னான்னா, பேப்பர் வெட்டறது நான் இல்ல, அம்மா. டீ குடிச்சதும் கத்திரிக்கோலோட உக்காந்துடுவா, இப்ப அவளுக்குன்னு மிச்சம் இருக்கற வேலை அது ஒண்ணுதான். முன்னெல்லாம் ட்ரே அளவுக்கு நீட்டா வெட்டுவா. பெருநாள் கழிச்சு ஒருநாள் பாக்கறேன், கழுத்து வளைவு, கைக்குழி, இடுப்பு எல்லாம் வச்சு வெட்டியிருக்கா. தெருவுக்கே தச்சுக் குடுத்த கையாச்சே. யாருக்கு ஹஃபீசான்னு கேட்டேன். நிகத்து கவுனுக்கு கட்டிங், பத்து வயசாச்சு, கிடுகிடுன்னு வளந்துட்டா பொண்ணுன்னா. சொல்லிக்கினே அதக் கொண்டுபோய் ட்ரேல விரிச்சுட்டா. தையலும் குருவியும் அவளுக்கு ஒண்ணாக் கலந்துபோச்சு. திருட்டுத்தனமா அடில ஒரு முழு பேப்பர் வச்சேன். கண்டுபுடிச்சிட்டா. என் கட்டிங் சரியில்லையாங்கன்னு கேட்டுட்டு அன்னிக்கு பூரா சோறு தொடல. அதோட அடில பேப்பர் வைக்கறத விட்டுட்டேன். நீ அனுப்பின பிரவுன் பேப்பர் ரோல் ரெண்டே நாள்ல பதினாலு கவுன் ஆயிடுச்சு. இவ்ளோ மறந்தவ, பள்ளிவாசல் படம் போட்ட பக்கம் வந்தா மட்டும் எச்சம் படக்கூடாதுன்னு மடிச்சு பீரோவுல வச்சிடுறா. அது மறக்கல.

மொதல்ல நானும் சிரிச்சேன். அப்ப கவுன் ட்ரேய தாண்டி வெளிய தொங்கும், கழுத்து வளைவுல மட்டும்தான் தகரம் தெரியும். ரெண்டு மாசத்துல ட்ரேக்கு சரியா வந்துச்சு. நேத்து அவ தூங்கறப்போ இஞ்ச் டேப்ப எடுத்து வச்சு அளந்து பாத்தேன். நடை பழகற புள்ளைக்குத்தான் வரும், பாதி ட்ரேகூட மூடல. நீ வீடியோல பாத்தது அதத்தான். என் சோம்பேறித்தனம் இல்லம்மா, உங்கம்மாவுக்குள்ள நீ நாளுக்கு நாள் சின்னதாயிக்கினே வர்ற. இன்னும் கொஞ்ச நாள் போனா கைக்குழந்தை சட்டை. அதுக்கப்புறம் அவ வெட்டறதுக்கு என்ன இருக்கு, நீ பொறக்கவே இல்லையே.

டிசம்பர் லீவுன்னு சொல்லாத, இப்பவே டிக்கெட் போடு. மாப்பிள்ளை சமைச்சு சாப்பிட்டுக்கட்டும், ஒடம்பும் எளைக்கும். ட்ரேக்கு பேப்பர் எதுவும் வாங்கியாராத. வந்ததும் நான் யாருன்னு தெரியுதாம்மான்னு பரீட்சை வைக்காத. போன வாரம் நானே அதுல ஃபெயிலு, என்னைப் பாத்து பஞ்சர் ஒட்ட லேட்டாகுமா பாய்னு கேட்டா, இதோ ஆச்சும்மான்னு சொல்லிட்டு வெளிய வந்து நின்னேன். நீ சும்மா கைய நீட்டிக்கினு அவ முன்னாடி நில்லு, அளவெடுக்கட்டும்.

எதிர்லதான் உக்காந்து வெட்டறா. யாருக்கு எழுதறீங்கன்னா, நிகத்துக்குன்னேன். வாசிச்சுக் காட்டச் சொன்னா. மேல எழுதினத எப்படி வாசிக்கறது, துஆவ மட்டும் எழுத எழுத சத்தமா சொல்றேன், தலைய ஆட்டிக் கேக்கறா. அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நல்ல சுகத்தக் குடுக்கணும், கெட்ட கண்ணு படாம காக்கணும், வர்ற வழில ஒரு கொறையும் இல்லாம

குருவி கத்திச்சு. புள்ள எழுந்துடுச்சுன்னு சொல்லிட்டு அம்மா உள்ள ரூமுக்குப் போயிட்டா. உனக்குத் தூளி கட்டின கொக்கி மட்டும்தான் அங்க இருக்கு. நான் போய்ப் பக்கத்துல நிக்கணும்.

டிக்கெட் போட்டுட்டு சொல்லு.

அத்தா
பக்கீர் முகமது