தேர் திரும்பும் மூலைவீடு

நலம் நிறைக. ஆழிவளநாட்டைத் தம் வெண்குடை நிழலில் வைத்துக் காக்கும் இளநெடுங்கோ மன்னர் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் அம்பலக்கூத்தன் எழுதுவது. மன்னரின் வலக்கரமும், துறைமுகத்தின் காவலும், கலமேறி வரும் வணிகருக்குக் கண்கண்ட துணையுமாகிய முத்தலைத்துறை நகராள்வார், கருவேலி மழவராயர் அவர்கள் காண்க. தங்கள் துறையில் கலங்கள் நிறைக. களஞ்சியத்தில் நெல் குறையாதிருக்க. தங்கள் இல்லத்தார் நோய்நொடியின்றி வாழ்க. இவ்விடம் யாவரும் நலம்.  ஆயினும் நேற்று அரசவையில் கேட்ட வழக்கால் மன்னர் திகைத்துப் போனார்; யாம் இன்னும் அத்திகைப்பிலிருந்து மீளவில்லை. நடந்ததை ஆதியோடந்தமாகத் தங்களுக்கு எழுதும்படி ஆணை.

குறும்பொறை மலையில் எயினி என்றொருத்தி இருக்கிறாள். அரண்மனை யானைகளுக்கு ஆலந்தழை அனுப்பிப் பிழைப்பவள். கணவன் இல்லை, ஓர் ஆலந்தோப்பு உண்டு, அதுவே அவளுக்குச் சோறு. மரமேறித் தழை ஒடிக்கும் கை ஒருநாள் ஓய்ந்துபோனால் என்ன செய்வது என்ற கவலை அவளுக்கு வந்தது. துறைமுகப் பட்டினத்தில் ஒரு வீடு வாங்கிக் குடிக்கூலிக்கு விட்டால் இருந்த இடத்தில் வரும்படி வரும் என்று எண்ணினாள். கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பது பழமொழி. கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை, பாவம்.

ஆயினும் அவளை ஏமாளி என்று எண்ண வேண்டாம். அவள் முத்தலைத்துறைக்கு வெயிற்காலத்தில் வரவில்லை, அடைமழையில் வந்தாள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடு, ஒழுகும் கூரை மழைக்குத்தான் தெரியும் என்பது அவள் கணக்கு. தெருத்தெருவாக நனைந்துகொண்டு நடந்தாள். கலத்திலிருந்து இறங்கும் கூட்டம் எவ்வழி போகிறது, எந்தக் கடைமுன் நிற்கிறது என்று பார்த்தாள். கடைசியில் கோயில் தெருவும் துறைத் தெருவும் கூடும் இடத்தில் உள்ள மூலைவீட்டின் முன் நின்றாள். இரண்டு தெருவுக்கும் வாசல். முன்கட்டில் வளையல் வணிகன், பின்கட்டில் கப்பற்பாய் தைப்பவன். கோடையில் கிணறு வற்றுமா, வீடு ஆளின்றிக் கிடந்ததுண்டா, அண்டை வீட்டார் எப்படி என்று குடியிருந்தோரிடம் அவள் கேட்க, எல்லாவற்றுக்கும் நல்ல விடையே வந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. இதுதான் இவ்வழக்கின் கொடுமை.

முன்சுவர் மட்டும் மெல்லியதாய், அடித்தளமின்றி வெறுந்தரைமேல் நிற்பதையும் அவள் கண்டாள். கடைக்காகப் பிற்பாடு எடுத்த சுவர் போலும் என்று தானே விடை சொல்லிக்கொண்டாள். விலையும் சற்று இறக்கமாக இருந்தது. தன் நல்ல காலம் என்று மகிழ்ந்தாள். சேமிப்பு போதவில்லை. மீதிக்குக் கோயில் பண்டாரத்தில் கடன் வாங்கி, ஆலந்தோப்பை ஈடு வைத்தாள். குடிக்கூலியில் வட்டி கட்டுவது, தழை விற்று உண்பது என்பது அவள் ஏற்பாடு. பண்டாரக் கணக்கர் தோப்பில் எத்தனை மரம், எவ்வளவு தழை என்று துருவித் துருவிக் கேட்டாராம். வீட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. தோப்பு கையில் இருக்கும்போது வீடு நின்றால் என்ன, விழுந்தால் என்ன?

முதற் குடிக்கூலி வாங்க அவள் வந்த காலையில் வீட்டின் முன் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ஊரார் கூடி, முன்சுவருக்குச் சந்தனம் பூசி, குங்குமமிட்டு, பெரிய மாலையொன்றும் சாத்தினர். புதிதாய் வந்த வீட்டுக்காரிக்கு இவ்வூரில் இத்தனை மரியாதையா என்று அவள் உள்ளம் குளிர்ந்து போனாள். மேளக்காரருக்கும் வேலையாட்களுக்கும் தன் கையால் வெற்றிலை பாக்குக் கொடுத்தாள். அவர்கள் வாங்கி மென்றுகொண்டே கடப்பாரையை ஓங்கிச் சுவரை இடித்தார்கள்.

இதை அவையில் அவளே சொன்னாள். கண்முன் வீடு சரிய, ஐயோ ஐயோ என்று அலறிக் கடப்பாரைக்குக் குறுக்கே போய் நின்றாளாம். வேலையாட்களின் தலைவன் அவளைவிட அதிகம் திகைத்தானாம். தேர் திரும்ப இடம் போதாதாகையால் தேரோட்டந்தோறும் மூலைவீட்டு முன்சுவரை இடிப்பதும், தேர் போனபின் வீட்டுக்காரர் தம் செலவில் கட்டிக்கொள்வதும் இவ்வூர் வழக்கம், இது பிறந்த குழந்தைக்கும் தெரியுமே தாயே என்றானாம். மலையில் சாமிக்குத் தேர் கிடையாது, பல்லக்குத்தான், தோளில்தான். பஞ்சத்தால் தங்கள் ஊரிலும் பல ஆண்டுகளாகத் தேர் ஓடவில்லை. அவள் எதைக் கண்டு எதைக் கேட்பாள்? வளையல் வணிகனும் பாய்க்காரனும் சுவர் எழுந்தால் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, முந்தைய நாளே சட்டிபானையுடன் போய்விட்டிருந்தார்கள். சுவர் கட்டப் பணமில்லை. கட்டாத வீட்டுக்குக் குடியில்லை. குடியில்லாவிட்டால் வட்டியில்லை, தோப்பும் இல்லை.

அவள் அந்த மாலையை மடியில் கட்டிக்கொண்டு தலைநகருக்கு நடந்தே வந்தாள். வாடிய பூவை மன்னர் முன் வைத்து, சாமி வழியை மறிக்கத் தான் வரவில்லை என்றும், அறிந்தவர் இத்தனை பேர் இருந்தும் ஒரு வாய்கூடத் திறக்காதது ஏன் என்று கேட்கவே வந்ததாகவும் சொல்லி அழுதாள்.  மன்னர் வீட்டை விற்ற நம்பிச்சேந்தனை அழைத்து வரச் செய்தார்.

நம்பிச்சேந்தன் தங்கள் மைத்துனர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவை அறியாது. அவர், வீடு தம்முடையதன்று, அத்தானுடையது, தாம் கையெழுத்துக்கு மட்டுமே நின்றவர் என்றார். பஞ்சம் தீர்ந்தது, இவ்வாண்டு தேர் ஓடும் என்று அரண்மனையிலிருந்து ஓலை வந்த மறுநாளே, வெளியூராள் ஒருத்தியின் தலையில் கட்டிவிடு என்று அத்தான் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார்.

அவ்வோலையை எழுதியவன் யானே, மழவராயரே. ஊர் மகிழட்டும் என்று எழுதிய ஓலை அது. அதைப் படித்துவிட்டா ஆள் தேடினீர்? காவலுக்கு வைத்த வேலி பயிரை மேய்ந்த கதையைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். வேலிக்கு முத்திரை மோதிரம் கொடுத்து அனுப்பிய கையும் எங்களதே.

விற்பனையை முறித்துப் பணத்தை வாங்கித் தரட்டுமா என்று மன்னர் எயினியைக் கேட்டார். அவள் மறுத்துவிட்டாள். மூலை நல்ல மூலை, மழைக்கு ஒழுகாத கூரை, தான் பார்த்து வாங்கிய வீட்டில் பிழையில்லை. சுவர் ஒன்றும், ஓடிப்போகாத குடித்தனக்காரர் ஒருவரும் கிடைத்தால் போதும் என்றாள்.

ஆகவே மன்னரின் ஆணை வருமாறு. தேர் நிலைக்கு வந்த மறுநாள் உம் செலவில் முன்சுவர் எழும்புக. நகராள்வார் மாளிகையை விட்டு நீர் மனைவி மக்களோடு அம்மூலைவீட்டில் குடியேறுக. எயினியின் கடன் தீருமட்டும் மாதந்தோறும் குடிக்கூலியை முன்பணமாகக் கொடுக்க. தேரோட்டம் வருந்தோறும் சுவருக்குச் சந்தனம் பூசி முதற் கடப்பாரையை நீரே ஓங்குக. பின் நீரே கட்டுக. அவ்வீட்டை இனி எவர் விற்றாலும், தேர் திரும்பும் வீடு இது என்று முதலில் பறையறைந்து சொல்லுக. இதனை மாற்றவோ குறைக்கவோ எவருக்கும் உரிமையில்லை. கடலாமை முத்திரை இட்டோம்.

ஓலையின் தலைப்பில் உமக்கு எழுதிய பட்டங்கள் யாவும் இவ்வரியோடு முடிந்தன. மோதிரத்தைக் கழற்றி, முதல் மாதக் குடிக்கூலியோடு, இவ்வோலையைக் கொண்டுவந்தவளிடம் கொடுக்க. அவளை நீர் இதுவரை கண்டதில்லை. உம் எதிரே மடியில் வாடிய மாலையோடு நிற்கிறாளே, அவள்தான் எயினி, உம் வீட்டுக்காரி.