இங்கே வாசற்படி இல்லை

வோத்கின்ஸ்க்,
பிப்ரவரி 1989

அமெரிக்காவில் காவல் நிற்கும் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் ரிம்மா எழுதுகிறேன். நான், அம்மா, அர்காதி மாமா மூவரும் நலம். வழியில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிறவருக்கும் என் வணக்கம். இதில் இரகசியம் எதுவும் இல்லை, வீட்டுச் செய்திதான்.

ஏரி இன்னும் கெட்டியாக உறைந்து கிடக்கிறது. பள்ளியில் புவியியல் டீச்சர் என்னை எழுப்பி, உன் அப்பா யூட்டாவில் என்னதான் செய்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன்: "அங்க ஒரு ராக்கெட் தொழிற்சாலை வாசல்ல நின்னு, ஒப்பந்தத்துல தடை செஞ்ச ராக்கெட் ஏதாவது லாரியில வெளியே போகுதான்னு பாக்குறார். நம்ம தொழிற்சாலை வாசல்ல அமெரிக்கர்கள் நின்னு அதையே பாக்குறாங்க." பின் பெஞ்சு கோஸ்த்யா, "அப்போ ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டு வாசல்லயே நின்னுக்கலாமே, டிக்கெட் காசாவது மிச்சம்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தாலும் அவன் கேட்டதற்குச் சட்டென்று பதில் தெரியவில்லை.

இனி வருத்தமான செய்தி. சொல்ல வேண்டாம் என்றாள் அம்மா. ஆனால் இது உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது. அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்கர்களின் விடுதியில் அம்மா சமைக்கிறாள் அல்லவா? அவளுடைய பெல்மெனி இறைச்சிக் கொழுக்கட்டைகளை அவர்களில் ஒருவரான கர்ட்டிஸ் தட்டு தட்டாகச் சாப்பிடுவார். ஒரு நாள் அம்மா, வீட்டில் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பக்கமும் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் ஒரு அமெரிக்கர் ஒரு வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. மாடிப்படியில் எல்லாக் கதவுகளுக்குப் பின்னாலும் மூச்சுச் சத்தம் கேட்டது.

மணி அடித்தபோது அம்மாவின் கையெல்லாம் மாவு. அர்காதி மாமாதான் கதவைத் திறந்தார். அமெரிக்கர்கள் எங்கே போனாலும் கூடவே வர வேண்டிய நம் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் ஃபியோதர் கீழே காரை நிறுத்திக்கொண்டிருந்தார். கர்ட்டிஸ் ஒரு கையில் தேன் பாட்டிலுடன் வெளியே நின்றபடியே மறு கையை வாசற்படிக்கு மேலாக நீட்டினார். மாமா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

வாசற்படிக்கு மேல் கை குலுக்கினால் சண்டை வரும் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? "உள்ள வாங்க" என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கர்ட்டிஸ் தேனைத் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நான் கூடத்தின் கடைசியிலிருந்து ஓடி வருவதற்குள் கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் கர்ட்டிஸ் தன் அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். வீட்டு விருந்துகள் நிறுத்தப்பட்டன. ஃபியோதர் அம்மாவிடம் சொன்னது: "கலீனா, இங்க ஒரு கதவைச் சாத்துனா அங்கயும் ஒண்ணு சாத்துவாங்க. அதான் கணக்கு. உன் வீட்டுக்காரருக்கும் வசந்தம் வரைக்கும் வெளிய போக அனுமதி இருக்காது." வழக்கம்தான் காரணம் என்று எடுத்துச் சொல்லும்படி அம்மா கெஞ்சினாள். அவர், "நான் சொன்னா, சமாளிக்கிறேன்னு நினைப்பாங்க. அர்காதியே வந்து சொல்லட்டும்" என்றார்.

மாமாவோ, "என் வீட்டு வழக்கத்துக்கு நான் எதுக்கு விளக்கம் சொல்லணும்?" என்கிறார். அம்மா, "உன் மச்சான் அங்க நாலு சுவத்துக்குள்ள கிடக்கட்டும், நீ வழக்கத்தைக் காப்பாத்து" என்று கத்தினாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சாப்பாட்டு மேஜையில் இடையில் உட்கார்ந்து நான்தான் உப்பை நகர்த்துகிறேன்.

அங்கே அந்த அமெரிக்கர் ஹார்லன் குடும்பத்தோடு நீங்கள் சாப்பிடும் ஞாயிறுதான் வாரம் முழுவதையும் தள்ளிக்கொண்டு போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் விடப்போவதில்லை. பொறுத்திருங்கள் அப்பா.

அன்பு மகள்
ரிம்மா


வோத்கின்ஸ்க்,
மார்ச் 1989

அன்பு அப்பாவுக்கு,

முதல் கடிதத்துக்குப் பதில் வருமுன் இதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால் தயவுசெய்து வரிசைப்படி படியுங்கள்.

மாமாவிடம் வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில், அவர் பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்று கேட்டேன். "மாமா, கை குலுக்காததை விடுங்க. உள்ள வாங்கன்னு ஏன் சொல்லலை?"

தேய்த்துக்கொண்டே, "வழக்கம் பாதிதான் ரிம்மா. மீதி என்னோடது" என்றார். "பதினாறு வருஷம் ராக்கெட் பூட்டினேன். எவன் வந்துடக் கூடாதுன்னு பூட்டினேனோ, அவனே தேன் பாட்டிலோட என் வாசல்ல நிக்கிறான். இப்ப ஒப்பந்தம்னு சொல்லி, அதே தொழிற்சாலையில என்னை வாஷிங் மெஷினுக்கு மோட்டார் மாட்டச் சொல்றாங்க. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவனை உள்ள கூப்பிடுறது?"

"அவரும் நம்மளைப் பாத்துப் பயந்திருப்பாரே" என்று மட்டும் சொன்னேன். மாமா அடுத்த பூட்ஸை எடுத்தார்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு, தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் குளிர். ஷிப்ட் முடிந்து ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அமெரிக்கர்களின் சாவடிக்கு முன்னால் கர்ட்டிஸும் ஃபியோதரும் ஒரு லாரியை அளந்து முடித்திருந்தார்கள். அப்போது மாமா கூட்டத்தை விட்டு விலகி, நேராக அவர்களை நோக்கி நடந்தார். "அர்காதி, அவனுக்கு வாஷிங் மெஷின் விக்கப் போறியா?" என்று யாரோ கத்தினார்கள். "தவணையில குடு!" என்றார் இன்னொருவர்.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சாலையைக் கடந்து அருகே போனேன். கர்ட்டிஸுக்கு எதிரே நின்று, தன் வலது கை உறையைக் கழற்றி, கையை நீட்டினார். ஃபியோதரிடம், "இங்க வாசற்படி எதுவும் இல்லைன்னு அவர்கிட்ட சொல்லு" என்றார்.

ஃபியோதர் வழக்கத்தையும் விளக்கி, நிறைய நேரம் மொழிபெயர்த்தார். கர்ட்டிஸ் முகம் மாறவே இல்லை. இப்போது மாமாவின் கைதான் அந்தக் குளிரில் தனியாக நின்றது. மாமா அதை மடக்கிக்கொள்வார் என்று பயந்தேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

கர்ட்டிஸ் ஏதோ கேட்டார். மாமா தன்னை வெறுப்பதாக அவர் நினைத்தாராம் என்றார் ஃபியோதர். மாமா, "அவர் நினைச்சது முழுசாத் தப்பு இல்லைன்னு சொல்லு. ஆனா உள்ள வந்திருந்தா கை குடுத்திருப்பேன். அதையும் சொல்லு" என்றார். ஐயோ, இப்படியா உண்மையைச் சொல்வது என்று நினைத்தேன். ஆனால் அதைக் கேட்டபிறகுதான், அப்பா, கர்ட்டிஸ் தன் உறையைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு உறை போட்டிருந்ததால் உள்ளே இருந்தது வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். ஆட்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அன்றைக்கு நம் மாடிப்படி ஏற அவருக்கும் மனம் வராமல், பாதியில் நின்று யோசித்தாராம். பிறகு இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஆட்களில் யாரும் கை தட்டவில்லை. ஒருவர் மட்டும், "சீக்கிரம்யா, ஒட்டிக்கப் போகுது!" என்றார்.

கர்ட்டிஸ் நடந்ததைத் தன் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஃபியோதர் வந்து சொன்னார். விருந்துக்குத் தடை நீங்கியது. அங்கேயும் உங்களுக்கு நீங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே எழுதுங்கள், நான் மாமாவை மறுபடியும் வாசலுக்கு அனுப்புகிறேன். இந்த ஞாயிறு கர்ட்டிஸ் வருகிறார். அம்மா இன்றைக்கே இறைச்சி கொத்தத் தொடங்கிவிட்டாள். மாமாவோடு பேசுகிறாள், அதாவது திட்டுகிறாள். மாமாவுக்கு அதில் சந்தோஷம். அவர் மோட்டார் மாட்டும் வாஷிங் மெஷின் சுற்றும்போது குதித்துக் குதித்து அறை முழுவதும் நகர்கிறதாம், சரி செய்யாமல் விடமாட்டேன் என்கிறார்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று அம்மா கேட்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் முறை முடியும் ஜூன் வரைக்கும் இன்னும் எத்தனை ஞாயிறு இருக்கிறது என்று இரண்டு தடவை என்னைக் கேட்டுவிட்டாள்.

கோஸ்த்யாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவரவர் வாசலில் அவரவர் நின்றால், எதிர்ப்பக்கத்து மனிதரும் நம்மைப் போலவே பாதிப் படியில் நின்று யோசிப்பார் என்று தெரியாமலே போகும். அவனிடம் இதைச் சொன்னேன். டிக்கெட் காசு பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா. அங்கே வரும் ஒவ்வொரு லாரியையும் நன்றாகப் பாருங்கள். இங்கே கர்ட்டிஸும் நன்றாகப் பார்க்கட்டும். உங்கள் இரண்டு பேர் கண்ணிலும் எப்போதும் ஒன்றுமே படாமல் போகட்டும்.

உங்கள் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் மகள்
ரிம்மா