பரிதோஷ்தா தோற்ற பதினோரு ஆட்டங்கள்

ஜூலை 9, 2020, வியாழன்

இன்று இணையத்தில் பிரிட்ஜ் சீட்டாட ஜோடியாகக் கிடைத்த ஆள் தன்னை ‘நிபுணர்’ என்று போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பிடியிலேயே, நான் ஜெயித்திருந்த ஏஸைத் துருப்பு போட்டு வெட்டினார். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்துபோய்விட்டார், ஏதோ நான்தான் தப்பு செய்தது போல.

பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் தகுதியை நான் பார்ப்பதே இல்லை. முதல் சீட்டு விழுந்ததும் யோசிக்கிறாரா, கேட்ட இனம் கையில் இல்லாதபோது எதைக் கழிக்கிறார் – இந்த இரண்டும் போதும். ‘இடைநிலை’ என்று அடக்கமாகப் போடுகிறவர்கள்தான் பெரும்பாலும் தேறுகிறார்கள்.

நாளையிலிருந்து பரிதோஷ்தாவும் இணையத்துக்கு வருகிறார். கிளப்பைப் பூட்டி நாலு மாதமாகிறது. பதினெட்டு வருடமாக என் ஜோடி, அண்ணன் மாதிரி; அதனால்தான் பெயரோடு இந்த ‘தா’. அவர் தரம் எனக்கு அத்துப்படி: துருப்பு பத்து விழும்வரை எண்ணுவார், அதற்குமேல் காளி விட்ட வழி. ஆனால் ஒருநாளும் என்னைக் கடிந்ததில்லை. பெண்ணோடு ஜோடி சேரவே யோசித்த கிளப்பில் அது சின்ன விஷயமா?

ஜூலை 10

மோசம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு யுகம். போனில், “கண்ணு கூசுது மந்திரா. திரையில சீட்டெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது” என்றார். புரை ஆபரேஷனுக்கும் இப்போது வழியில்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

நம்பமுடியவில்லை. எதிரிகள் பதின்மூன்று பிடியில் பன்னிரண்டை எடுப்பதாகக் கேட்டிருந்தார்கள். பரிதோஷ்தாவின் முதல் சீட்டு, ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அடியிலிருந்து ஒரு சின்ன டைமன்! ராணி என்னிடம் இருந்தது. அவர்கள் கவிழ்ந்தார்கள். அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது?

“என்ன பண்றீங்க வீட்ல?” என்று கேட்டேன்.

“சும்மாதானே கிடக்கேன். புத்தகம் படிக்கிறேன்” என்றார். குரலில் சிரிப்பில்லை.

ஆகஸ்ட் 23

கிளப்பின் இணையக் கோப்பை எங்களுக்கு. இருபத்தாறு ஜோடிகளில் முதலிடம். மாநில அணித் தேர்வுக்கும் எங்களை அழைப்பார்களாம். சாயங்காலம் வரை மிதந்துகொண்டிருந்தேன்.

அறுபத்தெட்டு வயது மனிதர், பதினெட்டு வருடம் கற்காததை ஆறு வாரத்தில் கற்பாரா? மாட்டார்.

செப்டம்பர் 5, சனி

எல்லோரும் இணையத்தில் நடக்கும் சீட்டுத் திருட்டைத்தான் பேசுகிறார்கள். வேறொரு பெயரில் பார்வையாளராக நுழைந்தால் நாலு பேர் சீட்டும் தெரியும். பக்கத்தில் இன்னொரு போன் இருந்தால் போதும்.

எங்கள் ஆட்டங்களின் பதிவை எடுத்தேன். ஜெயித்ததில் இருபது. ஒவ்வொன்றிலும் எதிரியின் கையை எட்டிப் பார்த்தது போல ஒரு சீட்டு. புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் நான். இது தற்செயல் இல்லை.

செப்டம்பர் 12

கமிட்டிச் செயலாளர் சுபிமல் பாபுவுக்கு இருபது ஆட்டங்களையும் அனுப்பிவிட்டேன்.

நேர்மை என்று எழுத கை வருகிறது. நேர்மையா? வேறு யாராவது கண்டுபிடித்தால் நானும் கூட்டு என்பார்கள். அந்தப் பயம்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பர் 19

வீடியோவில் விசாரணை. சுபிமல் பாபு சுற்றி வளைக்கவில்லை. “பரிதோஷ் பாபு, நேரா கேக்கறேன். மத்தவங்க சீட்டப் பாத்தீங்களா?”

“ஆமா. பாத்தேன்” என்றார் பரிதோஷ்தா.

“எத்தனை நாளா?”

“அதான் ஆமான்னுட்டேனே, இன்னும் என்ன?”

ஒரு வருடம் தடை. கோப்பை ரத்து. கமிட்டி என்னைப் பாராட்டியது. பரிதோஷ்தாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனது. அவர் அதைத் தொடவில்லை.

அக்டோபர் 27, செவ்வாய்

துர்கா பூஜை முடிந்தது. விஜயதசமி வாழ்த்துச் சொல்ல பரிதோஷ்தா வீட்டுக்குப் போகாத முதல் வருடம். அவர் மனைவியை நான் பௌதி, அண்ணி, என்பேன்; அவர் செய்யும் தேங்காய் உருண்டை இல்லாத முதல் வருடமும்கூட.

மனம் கேட்காமல் பதிவைத் திரும்ப எடுத்தேன். இந்தமுறை தோற்ற ஆட்டங்களை. கோப்பையில் பதினொன்று.

ஏன் இதை முதலிலேயே பார்க்கவில்லை? ஏன்?

ஓர் ஆட்டம்: எங்களிடம் ஒன்பது துருப்பு, பெரிய சீட்டுகளில் ராணி மட்டும் எதிரியிடம். ஏஸையும் ராஜாவையும் இறக்கி ராணி விழும் என்று பார்ப்பதுதான் கணக்குப்படி சரி. அப்படித்தான் ஆடியிருக்கிறது. ராணியோ ஒரே ஆளிடம் மூன்று சீட்டாக உட்கார்ந்திருந்தது. விழவில்லை. தோற்றோம். எதிரியின் கையைப் பார்த்தவன் இப்படித் தோற்கவே மாட்டானே!

பதினொன்றும் அப்படித்தான். சரியாக ஆடி, அதிர்ஷ்டமில்லாமல் தோற்றவை. இது திருட்டு இல்லை. நான் இதுவரை கூட உட்கார்ந்து ஆடியதிலேயே சிறந்த மூளை.

ஆனால் பரிதோஷ்தாவுக்கு அது கிடையாது. அப்படியானால் யார்?

அக்டோபர் 31, சனி

தாகுரியாவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பரிதோஷ்தா கண் டாக்டரிடம் போயிருந்தார். பௌதிதான் கதவைத் திறந்தார், முகக்கவசத்தோடு.

“வா. வராம போயிடுவியோன்னு நெனச்சேன்.”

நான் உட்காரவில்லை. “பௌதி, ஒன்பது துருப்பு. ராணி வெளியில. என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“மேலேர்ந்து ரெண்டு அடிப்பேன்” என்றார் உடனே. அப்புறம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் சொன்னார். பரிதோஷ்தாவுக்குக் கண் தெரியவில்லையென்று பௌதி திரையைப் படித்துச் சொன்னாராம், அவர் சொன்ன சீட்டை அழுத்தினாராம். “ஒருநாள் வாய் தவறி, ‘அது வேண்டாமே, இது போடலாமே’ன்னுட்டேன். போட்டோம். ஜெயிச்சுது. அடுத்த வாரத்துலேர்ந்து அவர் பக்கத்துல சும்மா உக்காந்திருப்பார்.”

“எங்க கத்துக்கிட்டீங்க?”

“எங்கயா? பதினெட்டு வருஷமா மழைக்காலத்துல இங்கதானே ஆடினீங்க. தட்டு வைக்க வந்தா நாலு பேர் கையும் தெரியும். அடுக்களைக்குப் போய் மனசுல ஆடுவேன். நீயும் தப்பு போடுவ, தெரியுமா?”

“பின்ன ஏன் அவர் திருடினேன்னு ஒத்துக்கிட்டார்?”

பௌதி ஜன்னலைப் பார்த்தார். “திருடன்னா ஒரு வருஷம் பேசுவாங்க. பொண்டாட்டி ஆடினான்னா சாகற வரைக்கும் சிரிப்பாங்களாம். கம்ப்யூட்டரத் தூக்கி அலமாரில வச்சுப் பூட்டிட்டார். சாவி அவர் இடுப்புல.”

நான் அழுதேன். அவர் அழவில்லை.

நவம்பர் 7

சுபிமல் பாபுவிடம் சொன்னேன். “ஆள் மாறி ஆடினதும் குத்தம்தான். அந்தம்மாவையும் விசாரணைக்குக் கூப்பிடணும். வேணுமா உங்களுக்கு?” என்றார். பௌதியிடம் கேட்டேன். “வேண்டவே வேண்டாம்.” விட்டுவிட்டேன். எனக்கும் அது வசதியாகத்தானே இருந்தது?

நவம்பர் 19, வியாழன்

சர்க்கரைக்கு நடக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பௌதி என் வீட்டுக்கு வந்தார். அவருக்கென்று ஒரு கணக்கு திறந்தேன். பெயர் கேட்டது. என் விரல் நின்றுவிட்டது. பதினெட்டு வருடம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன், பெயர் தெரியாது.

“நிருபமா” என்றார்.

“தகுதி? நிபுணர்னு போடவா?”

“சீ. தொடக்கநிலைன்னு போடு.”

அவர் கூடத்தில், நான் உள்ளறையில், நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினோம். ‘தொடக்கநிலை’ என்று பார்த்ததுமே இரண்டு ஜோடிகள் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவது ஜோடி தங்கியது. பாவம் அவர்கள்.

பிப்ரவரி 11, 2021

பதின்மூன்றாவது வியாழன். பௌதி இன்று என்னைத் திட்டினார். “எட்டாம் பிடிலயே கிளாவர் தீந்துபோச்சு. எண்ணலையா நீ?” எண்ணவில்லை.

ஏப்ரல் 29, வியாழன்

வரவில்லை. பௌதிக்குக் காய்ச்சலாம். ருசி தெரியவில்லையாம்.

மே 3

இருவருக்கும் தொற்று. பரிதோஷ்தாவுக்கு லேசு. பௌதிக்கு ஆக்சிஜன் எண்பத்தாறு. படுக்கை தேடி முப்பது இடத்துக்குப் போன் செய்தேன்.

மே 8

நிருபமா பௌதி போய்விட்டார். காலை பதினொன்றே கால்.

மே 30, ஞாயிறு

பரிதோஷ்தா போன் செய்தார். செப்டம்பருக்குப் பிறகு முதல்முறை. மூச்சு இன்னும் இரைக்கிறது.

“வியாழக்கிழமையானா உன் வீட்டுக்குத்தானே வந்தா?”

“ஆமா.”

“நடக்கப் போறவ போன எடுத்துட்டுப் போவா, படிக்கிற கண்ணாடிய எதுக்கு எடுத்துட்டுப் போறான்னு நெனச்சேன்.” கொஞ்சநேரம் இருமினார். “எப்படி இருந்தா அங்க?”

“பரிதோஷ்தா, நம்ம கிளப்ல அவங்களுக்கு நிகரா ஒருத்தர் கிடையாது. உங்களவிட, என்னவிட –”

“அது தெரியும்மா” என்றார். “பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். நான் கேட்டது அது இல்ல. சந்தோஷமா இருந்தாளா?”

அவர் காத்திருந்தார். பிறகு வைத்துவிட்டார்.

மத்தியானம் முழுக்க யோசித்துப் பார்க்கிறேன். பௌதி இறக்கிய சீட்டு ஒவ்வொன்றும் வரிசையாக நினைவுக்கு வருகிறது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த முகம் வரவில்லை.