ரப்பரா ஸ்பிரிங்கா: அம்மாவின் விசைப்பலகை

பதுளை
14.09.2002

அன்பு மகள் வதனிக்கு,

கதிர்வேலாயுதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் பார்த்தீபனும் அங்கே பேர்கன் நகரத்துக் குளிர் இறங்க முன்னரே போர்வை, மருந்து எல்லாம் ஆயத்தம் செய்து சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். எழுதத் தொடங்கினால் விடயம் கலைந்துவிடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே சொல்லப் போவதை முதலில் ஒழுங்குபடுத்தி விடுகிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை.

1. வீட்டு நிலவரம்.
2. கணினிக்கு விசைப்பலகை வாங்கிய விபரம், ரப்பர் வகையும் ஸ்பிரிங் வகையும்.
3. அம்மாவின் விரல்கள்.
4. சத்தம் என்ற குறைபாடு.
5. உனக்கு ஓர் ஆலோசனை.

முதலாவது, வீடு. பின்னேரங்களில் மழை பெய்கிறது, குசினிக் கூரையில் ஒழுக்கு இருந்த இடத்தில் புதுத் தகரம் போட்டாயிற்று, பேரிக்காய் மரம் இந்த முறை அணிலுக்கே காய்த்தது. நீ ஒழுங்குசெய்த கணினி கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் பத்திரமாக வந்து சேர்ந்து உன் பழைய படிப்பறையில் இருக்கிறது. ஆனால் அதோடு வந்த விசைப்பலகை மட்டும் வழியில் நசுங்கி இரண்டாகப் பிளந்திருந்தது. இதைத் தொலைபேசியில் சொன்னால் நீ உடனே காசு அனுப்புவாய் என்று அம்மா சொல்ல விடவில்லை. கையில் மிச்சமிருந்த காசுக்குள் ஒன்று வாங்குவோம் என்றா.

இரண்டாவதுக்கு வருகிறேன். பசார் வீதியில் வாஹித்தின் கடை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு திறந்தது, கணினி திருத்துவார், மின்னஞ்சலும் அனுப்பித் தருவார். அவரிடம் இரண்டு விசைப்பலகைகள் இருந்தன. ஒன்று புதியது, மெல்லியது, பாரமே இல்லை, உள்ளே எல்லா விசைக்கும் பொதுவாக ஒரே ரப்பர்த் தாள், அமத்தினால் அரவம் இல்லாமல் பஞ்சு போல் இறங்கும், விலையும் கைக்கு அடக்கம். மற்றது அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றின் தொழிற்சாலை அலுவலகத்தில் கழித்துவிட்ட பழையது, ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்பிரிங், கல்லைப் போலப் பாரம், அமத்தினால் டக்கென்று கேட்கும், கவிழ்த்துத் தட்டினால் இன்னும் தேயிலைத் தூள் உதிர்கிறது. பழையதாக இருந்தும் விலை புதியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதைக் கொண்டுவந்து கொடுத்த தோட்டத்துக் கிளார்க் ஜெயகுமார் அன்று கடையில் நின்றார். ஐயா, இது மேல டீ பெட்டியே விழுந்துச்சுங்க, பெட்டிதான் ஒடைஞ்சுச்சு, யோசிக்காம எடுத்துட்டுப் போங்க என்றார். ஆனால் யோசிக்காமல் எதையாவது எடுத்துக்கொண்டு போக என்னால் முடியுமா? நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்த காலத்தில் மூன்று தரம் அளந்த பிறகும் கோட்டைப் பென்சிலால்தான் போடுவேன், மை தொடுவதற்கு மறுநாள் ஆகும்.

அதனால் இரண்டையும் அளந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் எது இலகுவாக இறங்குகிறதோ அதுதான் பொருத்தம் என்பது என் நியாயம். வாஹித்தின் மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு விசையின் மேல் சில்லறைக் காசுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, எத்தனையில் விசை இறங்குகிறது என்று பார்த்தேன். கடைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். வாஹித் என்னைப் பார்த்து, என்ன சேர், கீபோர்ட் வாங்க வந்தீங்களா, உண்டியல் போட வந்தீங்களா என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் காது சுட்டாலும் அடுக்குவதை நிறுத்தவில்லை. ஸ்பிரிங் விசைக்குக் கூடுதலான காசு தேவைப்பட்டது. ஆகவே ரப்பர் விசைதான் மென்மையானது, விலையும் குறைவு, சத்தமும் இல்லை, மூன்று வழியிலும் அதுவே சரி என்று வாங்கிக்கொண்டு மிகுந்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது, அம்மாவின் விரல்கள். பேனை பிடிக்க முடியாமல் போய் இரண்டு வருடமாகிறது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் என் கடிதங்களின் அடியில் அம்மாவும் சுகம் கேட்டா என்ற ஒரே வரி வருகிறது. போன தைப்பொங்கலுக்கு நீ தொலைபேசியில் அழுதாய், அப்பா, உங்கட கடிதம் கச்சேரி அலுவலக அறிக்கை மாதிரி இருக்கு, எனக்கு அம்மா கதைக்கிற மாதிரி ஒரு பக்கம் வேணும் என்றாய். தொலைபேசியைக் கொடுத்தாலோ அவ, காசு போகுது பிள்ளை, சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டு என் கையில் திருப்பித் தந்துவிடுகிறா. அம்மா கச்சேரியில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தவ, பேனையை விட அவவுக்கு விசைதான் பழக்கம், ஆகவே கணினி என்ற உன் யோசனை நல்ல யோசனை. நீ அனுப்பிய பாமினி என்ற கணினி எழுத்துருவும் பழைய தட்டெழுத்து மெசினின் விசை ஒழுங்குதான். நான் சிறு தாள்களில் தமிழ் எழுத்துகளை எழுதி வெட்டி விசைகளில் ஒட்டுவதற்குப் பசையோடு ஆயத்தமாக நின்றேன். அவ அதைப் பார்த்து, உதென்னப்பா சின்னப்பிள்ளை வேலை என்று தள்ளிவிட்டு யன்னலைப் பார்த்தபடியே, தட்டெழுத்துப் பழகுபவர்கள் முதல் பாடத்தில் அடிக்கும் யளனகவை அடித்தா.

அன்று அரைப்பக்கம் அடித்தா. மறுநாள் அதை விடக் குறைவு. அதற்குப் பிறகு விசைப்பலகைக்கு மேல் ஒரு துவாய் மூடியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கு, பிறகு அடிக்கிறன் என்பா. நானும் அதை நம்பி, துடைக்கவேண்டிய தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் சந்தையிலிருந்து நேரத்தோடு வந்தபோது அவ குசினியில் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றா. ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னா நீங்கள் ஒரு கிழமைக்கு நித்திரை கொள்ளமாட்டியள், விடுங்கோ, அவளுக்குச் சொல்ல எனக்கென்ன பெரிய புதினம் இருக்கு, நீங்களே வழமை போல எழுதி அனுப்புங்கோ என்றா. அதைச் சொல்லும்போது அவ என் முகத்தைப் பார்க்கவில்லை வதனி. உனக்கு அந்த ஒரு பக்கம் வரவே போவதில்லை என்று அப்போது நினைத்தேன், இனி ஆளுக்குத் துணிவும் வராது, கையும் விடாது என்று.

பிழை என் தெரிவில்தான் என்று சந்தேகம் வந்தது, ஆனால் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பது எனக்கு வராத கலை. கடைக்கு முன்னால் இரண்டு தரம் நடந்து போய்விட்டேன். மூன்றாம் தரம் வாஹித்தே வெளியே வந்து, சேர், ரோட்ட அளக்கிறீங்களா, உள்ள வாங்க என்றார். விசயத்தைச் சொன்னதும், கை யாருடையது சேர், உங்களோடதா, மேடத்தோடதா, அப்ப மேடத்தக் கூட்டிட்டு வாங்க, நீங்க அளந்து என்ன செய்ய என்றார். இந்தச் சின்ன யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அம்மா வரமாட்டேன் என்று நின்று, பிறகு வந்தா. அந்தப் பழைய பாரமான ஸ்பிரிங் பலகையின் மேல் கையை வைத்து முதலில் பயந்து பயந்து, பிறகு வீதியில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினா. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல் இருந்தது. அல்லாஹ், மேடம், மெல்ல, மேசை போயிரும் என்றார் வாஹித். அம்மா நிறுத்தாமலே, தம்பி, மேசை போனா இவர் அளந்து செய்து தருவார் என்றா. அவ என்னைப் பகிடி பண்ணிக் கேட்டு எவ்வளவு காலம்.

நோகவில்லையா என்று பிறகு வழியில் கேட்டேன். அவ சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். பழைய மெசினில் எழுத்துப் போய்த் தாளில் விழும் சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிடவேண்டும், அதுதான் அவ பழகியது. ஸ்பிரிங் விசை பாதி வழியிலேயே டக்கென்று சொல்லிவிடுகிறது, விரல் அடிவரை போகாமல் திரும்பிவிடும். ரப்பர் விசை ஒன்றும் சொல்வதில்லை, எழுத்து விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு தரமும் அடிவரை குத்தி அங்கேயே ஊன்றி நிற்கவேண்டியிருந்ததாம், மூட்டு முழுவதும் அந்த அடித்தட்டில்தான் போய் இடிபட்டதாம். நான் காசு அடுக்கி அளந்தது விசை இறங்க எவ்வளவு பாரம் என்பதை. விரலுக்கு எப்போது விடுதலை என்பதை அளக்கவில்லை. வாஹித் ரப்பரை நியாயமான விலைக்குத் திருப்பி எடுத்து ஸ்பிரிங்கைத் தந்தார், கொடுக்கவேண்டிய மீதிக் காசுக்கு நான் தினசரிப் பத்திரிகையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று குறைத்துவிட்டேன், செய்தி ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நாலாவது, சத்தம். குறையைக் குறையென்றுதான் எழுதவேண்டும். இந்த விசைப்பலகைக்கு அதுதான் ஒரே பெரிய குறைபாடு. பக்கத்து வீட்டு மர்லியா ரீச்சர் மதிலால் எட்டிப்பார்த்து, சேர், வீட்டுல பிரஸ் தொடங்கிட்டீங்களா என்று கேட்டுவிட்டா. கீழே மடித்த துவாய் போட்டிருக்கிறேன், அறைக் கதவைச் சாத்திவைக்கிறேன், மத்தியானம் நான் படுக்கும் நேரத்தில் அடிப்பதில்லை என்று ஓர் ஒழுங்கும் செய்திருக்கிறோம். அந்த ஒழுங்கை அம்மா ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை.

ஐந்தாவது, உனக்கு. வேலையிடத்தில் மணிக்கட்டு நோகிறது என்று சொல்லியிருந்தாய். விலை உயர்ந்ததுதான் நல்லது என்றோ, மென்மையாக இருப்பதுதான் சுகம் என்றோ நம்பிவிடாதே. கடையில் நின்று உன் கையால் ஒரு பக்கமாவது அடித்துப்பார், வெட்கப்படாதே. ரப்பர் வகை பழகியவர்களுக்கு அது போதும், வீண் செலவு வேண்டாம். மருமகனுக்கும் இதைச் சொல்.

அம்மா அடித்ததை வாஹித் திங்கட்கிழமை மின்னஞ்சலில் அனுப்பித் தருவார், இந்தக் கடிதத்துக்கு முன்னமே உனக்குக் கிடைத்துவிடும். எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது, காட்ட மறுக்கிறா. கட்டாயம் பதில் போடு, அவவின் பெயருக்குத் தனியாகப் போடு. இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ எங்கள் இருவரின் ஆசி.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திருத்தம். மேலேயுள்ள பந்தியை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே சத்தம் நின்றுவிட்டது. திரும்பவும் கை நொந்துவிட்டதோ என்று பேனையை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். என்னப்பா, அடுத்ததை யோசிக்கவும் விடமாட்டியளோ என்று என்னை வெளியே கலைத்துவிட்டா. வந்து இருந்து காத்திருந்தேன், சிறிது நேரத்தில் திரும்பவும் டக் டக்கென்று தொடங்கியது, அதன் பிறகுதான் எனக்குப் பேனை ஓடியது. ரப்பர் விசை அரவமில்லாமல் இருந்ததால்தான் அவ நொந்துகொண்டு நிறுத்தியது அவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமல் போனது. நாலாவதில் சத்தத்தைக் குறைபாடு என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்து வைக்கப்போகிறேன்.

அன்புள்ள அப்பா,
க. சிவராசா